கொடுத்த காலாள்

தமிழாசிரியருக்கும் சதுரங்கத்துக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் நம்மை வினவுதலுண்டு. கல்லூரிச் சதுரங்கக் கழகப் பொறுப்பு நம்மிடம் வந்தபோது, பழைய ஆசையொன்று உள்ளத்திற் கிடந்தமையால் நாம் மறுத்திலம்.

அவ்வாசை 1995இல் முளைத்தது. அவ்வாண்டு ரீகா நகரில், மிக்கேல் தால் நினைவுப் போட்டியில், தமிழரான விசுவநாதன் ஆனந்தைக் கஸ்பரோவ் 25 நகர்த்தல்களில் வென்றார். நான்காம் நகர்த்தலில், அரசி பக்கத்துக் குதிரையின் முன்நின்ற காலாளை இரு கட்டம் தள்ளி, எதிரியின் மந்திரிக்கு இரையாக்கினார். ஏறத்தாழ 1824இல் இத்தொடக்கத்தைக் கண்டவர் வேல்ஸ் நாட்டுக் கப்பற்றலைவர் எவன்ஸ். அவர் பெயராலேயே எவன்ஸ் கம்பிற் என வழங்குகின்றது. மந்திரி காலாளைத் தின்றதும் அடுத்த காலாள் எழுந்து அவனை விரட்டும். அவன் ஒதுங்கும் வேளையில் நடுக்களம் நமதாகும். கொடுத்த காலாளுக்கு விலை, அவ்வேளையே. (அன்று தோற்ற ஆனந்த் 2000இல் உலக வாகை சூடினார்.)

மறு ஆண்டு, வெள்ளவத்தையிலிருந்து சோதனைச் சாவடிகளைக் கடந்து கொட்டாஞ்சேனை சென்று, பாடசாலைப் போட்டியொன்றில் நாமும் அதனை ஆடினோம். கொடுத்தபின் நெஞ்சு பதறியது. இழந்ததை மீட்பதிலேயே நகர்த்தல்களைச் செலவிட்டோம், மீட்டும் விட்டோம்! அதற்குள் நடுக்களம் எதிரியிடம் போயிற்று. நாமும் தோற்றோம், அணியும் தோற்றது. “உன்னை யார் கொடுக்கச் சொன்னது?” என்றார் பொறுப்பாசிரியர். அவ்வினா பல்லாண்டு நம்மை உறுத்தியது.

சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு போட்டி. கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் வரும் மாணவன் ஒருவனின் ஆட்டமே எஞ்சியிருந்தது. அணி வெல்லச் சமநிலை போதும். “தம்பி, அவதானமாக ஆடு” என்றோம். “ஓம் சேர்” என்றவன், நான்காம் நகர்த்தலிற் காலாளைக் கொடுத்தான்!

பழைய வினா நம் நாவில் வந்து நின்றது. ஆடுவோரிடம் பேசலாகாதென்னும் விதியே நம்மைக் காத்தது. வெளி விறாந்தைக்குச் சென்றோம். கடற்காற்று வீசியும் வியர்த்தது. திரும்பி வந்து பார்த்தபோது, அவன் அக்காலாளை மீட்க ஒரு நகர்த்தலும் செலவிட்டிலன். படையெல்லாம் எதிரியின் அரசனை நோக்கி நின்றது. ஆயினும் இறுதியில் தோற்றான். அணிக்கு இரண்டாமிடம்.

தலைகுனிந்து வந்தவனிடம், “எவ்விடத்திற் பிழைத்தது?” என்று மட்டும் கேட்டோம்.

“பதினேழாவதில் குதிரையை நகர்த்தியிருக்க வேணும், சேர்.”

வாங்கில் பலகையை விரித்துக் காட்டினான். உண்மைதான். பின்னும் ஒரு வழி இருந்ததென்றோம், அவன் ஒப்பவில்லை. காலி வீதிக்கு வந்து அவனைப் பேருந்தில் ஏற்றும்போது நன்றாய் இருட்டிவிட்டது.