தயங்கிக் கடிக்கும் அரம்

புறநானூற்றின் 95ஆம் பாடலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது. இங்கே இருப்பவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. எம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வதுபோலப் பழித்தல், பழிப்பதுபோலப் புகழ்தல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். தேர்வுக்கு அது போதும். கொல்லுப்பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த நுனி ஏன் சிதைகிறது, சிதைந்த பின் என்ன ஆகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றியதில்லை.

2022 அக்டோபரில், தங்கையின் பேறுகாலத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றேன். ஊதியமில்லா விடுப்பு, ஆறு வாரம். அப்பா வரவில்லை. விமானம் என்றாலே அவருக்கு ஆகாது. பட்டறையை மூடிவிட்டு நான்கு நாள் இருப்பதும் ஆகாது.

தங்கை கணவர் கணினித் துறையில் வேலை பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து வில் பழகத் தொடங்கி, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறி, உரிமமும் எடுத்திருந்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. வேட்டை நமக்கு இனிக் குறிஞ்சித்திணையில் மட்டும்தான். மிச்சிகனிலோ அது ஒரு பருவம். அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில்லுக்கு. 15ஆம் தேதி முதல் துப்பாக்கிக்கு. டிசம்பரில் மறுபடியும் வில்லுக்கு. வெண்வால் மான்தான் பெரும்பாலானோரின் இலக்கு. "அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மச்சான்" என்று முதல் நாளே என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அம்மா உறங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் ஒரு சிறிய பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்புப் பஞ்சுமெத்தையில் மூன்று அம்புமுனைகள். பிராட்ஹெட் என்று அங்கே சொல்கிறார்கள். அகன்ற அலகுடைய வேட்டை முனை. கண்ணாடிபோல் பளபளத்தன. நடுவே ஒரு தண்டு, அதைச் சுற்றி மூன்று சவர அலகுகள். ஒவ்வொன்றும் நூறு கிரெயின், அதாவது ஆறரை கிராம். கிரெயின் என்பது தானியமணியிலிருந்து பிறந்த எடை. நம் குன்றிமணிக்கு ஒன்றுவிட்ட உறவு.

"இணையத்தில வாங்கினேன். மூணும் சேர்த்துப் பத்து டாலர். நல்ல கம்பெனியில ஒண்ணே முப்பது நாப்பது டாலர் சொல்றான். எப்படி இருக்கு மச்சான்?"

நான் ஒன்றை எடுத்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். என் தட்டச்சுத்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தார். ஓசையின்றித் தாள் இரண்டானது. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தொண்டைமானின் கொட்டிலையே பெட்டியில் வைத்திருக்கிறீர்களே மாப்பிள்ளை என்று தொடங்கி, பாடல் முழுவதையும் சொல்லி, பொருளும் விளக்கினேன். அதோடு விட்டேனா? 152ஆம் பாடலுக்கும் போனேன். வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறாரே, அந்த அம்புக்கு எத்தனை கிரெயின் இருக்கும் என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தங்கை மட்டும், மெத்தையில் சாய்ந்தபடி, "அப்பா இருந்தா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பார்" என்றாள். அதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாலை ஆறரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மான்மீது அம்பு பட்டது, ஓடிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வர முடியுமா என்றார். குரல் சரியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். கார்த் தொழிற்சாலைக்கு அச்சுகளும் கருவிகளும் செய்யும் பணியில் நாற்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு வேட்டை வழிமுறைகளைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. காட்டோரம் போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் கேட்டது மானைப் பற்றி அல்ல, அம்பைப் பற்றி. மான் ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து முப்பதடி தள்ளி அது உதிர்ந்து கிடந்தது. கோலில் ஐந்து அங்குலத்துக்கு மேல் குருதி இல்லை. முனையைப் பார்த்தேன். நேற்று தாளை அறுத்த அது தூண்டில்போல் மடிந்திருந்தது. மூன்று அலகுகளில் ஒன்று இல்லை. தண்டு கழுத்தில் வளைந்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துப்பாக்கிக்குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு அறுத்துத்தான் கொல்ல வேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னே விலாவழி நுழைந்து இரண்டு நுரையீரலையும் அறுத்து மறுபுறம் வெளியேறினால், மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். நான்கு விரற்கடை முன்னே தள்ளிப் பட்டால் தோள்பட்டை எலும்பு. அங்கே கூர்மைக்கு வேலை இல்லை. முனை மடியாமல், தண்டு வளையாமல், அலகு உதிராமல் இருக்கிறதா என்பதே கேள்வி. முனை மடிந்த கணமே அம்பின் விசையெல்லாம் மடிப்பதற்கே செலவாகிவிடுகிறது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் எட் ஆஷ்பி என்பவர் பெருவிலங்குகள்மீது அம்புகள் எப்படிப் பாய்கின்றன என்று பதிவுசெய்து ஆராய்ந்தார். ஊடுருவலைத் தீர்மானிப்பவற்றை வரிசைப்படுத்தியபோது அவர் முதலிடம் கொடுத்தது எடைக்கோ கூர்மைக்கோ அல்ல. அம்பு முழுவதும் முறியாமல் வளையாமல் இருக்கும் கட்டுறுதிக்கு. வாங்குகிறவனின் கண்ணுக்கோ கூர்மை மட்டும்தான் தெரியும். தாளை அறுத்துக் காட்டலாம். எலும்பை எங்கே வைத்துக் காட்டுவது? மிச்சிகன் மாநில விதியும் மானுக்கான முனை எட்டில் ஏழு அங்குல அகலமாவது இருக்க வேண்டும் என்கிறது. எஃகின் பதத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அகலத்தை அளக்க முடியும், எழுதி வைக்க முடியும்.

அன்றிரவு பதினொன்றரை வரை தேடினோம். அக்டோபரில் அங்கே மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்திருக்கும். கைவிளக்கு ஒளியில் எது குருதித்துளி, எது இலையின் மறு என்று தெரியாது. கிழவர் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நுரையீரலில் பட்ட குருதி இளஞ்சிவப்பாக, நுரைத்திருக்குமாம். இது கருஞ்சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு துளி கண்ட இடத்திலும் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைக் கிளையில் செருகிக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால் இருளில் அந்தத் தாள்கள் வரிசையாகத் தெரிந்தன. துளிகளின் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஓர் ஓடையருகே நின்றது. மறுநாள் காலையில் கயிற்றில் பிடித்த மோப்பநாயோடு ஒருவர் வந்தார். அங்கே அதற்குச் சட்டம் இடம் தருகிறது. நாயும் ஓடைக்கரையில் வட்டமடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மான் பிழைத்தும் இருக்கலாம், தோள்புண் ஆறுவதுண்டு என்றார் கிழவர். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பகலில் அவருடைய கார்க்கொட்டகைக்கு எங்களை அழைத்தார். ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். நாற்பது ஐம்பது அம்புமுனைகள் இருக்கும், எல்லாம் கெட்டவை. முனை சுருண்டவை, அலகு பல்லுப்பல்லாய்ப் பறிந்தவை, மரையடியில் முறிந்தவை. பறக்கும்போது மடிந்திருந்து தைக்கும்போது விரிய வேண்டிய வகையும் இருந்தது. விரியாமலே நின்றுவிட்ட இரண்டைக் காட்டினார். சில பெயர் பெற்றவை, சில அவற்றைப் பார்த்துச் செய்த போலிகள். பக்கத்தில் வைத்தால்கூட வேறுபாடு தெரியவில்லை. ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். எலும்பில் பட்டுப் பார்த்தவை இவைதாம், கடையில் இருப்பதற்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்றார் அவர். ஔவையார் சொன்ன கொல்லனின் சிறு கொட்டில் என் முன்னால் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையே வேண்டிய மட்டும் பேசியாயிற்று.

கிழவர் பழைய கதைகளும் சொன்னார். அம்மாநிலத்து வில்வேட்டைக்காரர்களின் குலதெய்வம் ஃபிரெட் பேர். அவரும் பாக்கார்ட் கார்த் தொழிற்சாலையில் மாதிரிவடிவம் செதுக்கியவர். 1927இல் டெட்ராய்ட்டில் ஆர்ட் யங் என்ற வேட்டைக்காரரின் அலாஸ்காப் படத்தைப் பார்த்து வில்லின் பக்கம் வந்தவர். அந்த யங்கின் தோழர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். யாஹி இனத்தின் கடைசி மனிதராக 1911இல் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்ட இஷியிடம் வில் கற்றவர் அவர். எரிமலைக் கண்ணாடியிலும் உடைந்த புட்டிக் கண்ணாடியிலும் இஷி அம்புமுனை செய்வாராம். எஃகை விடக் கூர்மை. எலும்பில் பட்டால் தூள்.

மேசை விளிம்பில் அரம் ஒன்று கிடந்தது. என் கை அதை எடுத்ததை நான் அறியவில்லை என்றால் இலக்கியம் பேசுவதுபோல் ஆகிவிடும். நன்றாக அறிந்தே எடுத்தேன். மீதமிருந்த இரண்டு முனைகளில் ஒன்றைப் பிடிப்பியில் இறுக்கி, நுனியில் அரத்தை வைத்து ஒரே ஒரு தள்ளுத் தள்ளினேன்.

எங்கள் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அரிவாள் அடிப்பார் அப்பா. செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இரும்பு கண்ணாடிபோல் இறுகும். ஓங்கிப் போட்டால் தெறிக்கும். மறுபடி இலேசாகச் சூடுகாட்டி, தேய்த்து வெளுத்த அலகில் நிறம் ஓடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு செம்பழுப்பு, பிறகு கத்திரிப்பூ. எந்த நிறத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் தோய்ச்சல் இருக்கிறது. வாய் மடிந்து வந்தால் தோய்ச்சல் குறை. வாய் பறிந்து வந்தால் தோய்ச்சல் மிச்சம். விற்கும்முன் ஒவ்வொன்றிலும் அரத்தை வைப்பார். அரம் அழுந்திக் கடித்தால் பச்சை இரும்பு. வழுக்கினால் முறியப் போகிறது. "தயங்கிக் கடிக்கணும்" என்பார். பன்னிரண்டு வயதில் துருத்தியருகே உட்கார்ந்து ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். படிப்பு வந்ததும் அதையெல்லாம் மறப்பதற்குப் பெருமுயற்சி எடுத்தேன். பொன்முடியாரின் 312ஆம் பாடல் வேல் வடிப்பதைக் கொல்லனின் கடமையாகச் சொல்வதை வகுப்பில் நடத்தும்போதுகூட, என் தந்தை கொல்லர் என்று மாணவர்களிடம் நான் சொன்னதில்லை.

அரம் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. சுருள்சுருளாகத் துகள் விழுந்தது. மேலே பளபளப்பு, உள்ளே ஆணி இரும்பு. இன்னொன்றும் அப்படியே. கிழவர் என்னைப் புருவம் உயர்த்திப் பார்த்தார். மாப்பிள்ளை, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?" என்று கேட்டார். குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். தெரியும் என்றேன்.

அந்தப் பருவத்தில் அவர் மறுபடி காட்டுக்குப் போகவில்லை. நவம்பர் முதல் வாரம் மருமகள் பிறந்தாள்; நான் ஊர் திரும்பினேன்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரே எஃகுத் துண்டில் கடைந்த, பளபளப்பில்லாத இரண்டு முனைகள். அருகே ஓர் அரம். "நுனியில தயங்கிக் கடிக்குது. அடியில, மரைப்பக்கம், கொஞ்சம் அழுந்துது. சரியா மச்சான்?"

எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்குப் போய் அப்பாவிடம் கைபேசியைக் காட்டினேன். முதலில் எதற்கு இது என்றார். சொன்னேன், வெள்ளிக்கிழமை இரவிலிருந்து எல்லாவற்றையும். துருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். படத்தை விரலால் பெரிதாக்கத் தெரியாமல், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அடி அழுந்தத்தானேய்யா செய்யணும். முழுசும் ஒரே தோய்ச்சலா இருந்தா அடிவாங்குற இடத்துல முறிஞ்சு போகும். மாப்பிள்ளைகிட்ட நல்லாருக்குன்னு சொல்லு" என்றார். கைபேசியை என்னிடம் நீட்டியவர், பிடியை விடாமல் கேட்டார்: "அந்த மான் கிடைக்கவே இல்லையா?"