சைலன்சருக்குள்ளே

மாத்தளையில் ஏ9 வீதியோரம் வாப்பாவின் கராஜ், பக்கத்திலேயே வீடு. மோட்டார் சைக்கிள் சைலன்சரின் உள்பாகத்தை வெட்டியெடுத்துத் தரச்சொல்லிப் பையன்கள் வருவார்கள். வாப்பா செய்து கொடுப்பதில்லை. “அந்தக் காசு அடுத்த கராஜுக்குத்தானே போகுது” என்பது நானாவின் கோபம். அதிலும் நியாயம் இருக்கிறது. என் டியூஷன் காசும் இந்தக் கராஜிலிருந்துதான் வருகிறது.

பிளந்து கிடந்த பழைய சைலன்சர் ஒன்றுக்குள் பார்த்தேன். ஓட்டைக் குழாய்களும் சின்னச் சின்ன அறைகளும்தான். ஒற்றைச் சிலிண்டர் நான்கடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், செக்கனுக்கு 25 தடவை வாயு அடித்துக்கொண்டு வெளியேறும். அந்த ஒலியலை குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழைகையில் ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது. ஒன்றின் நெருக்கலும் மற்றதின் ஐதாக்கலும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் தணிகின்றன. உயர்தரப் பௌதிகவியலில் நாம் பாடமாக்கும் அதே மேற்பொருந்துகை! சைலன்சர் நேற்று வந்ததுமல்ல. அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள்.

சத்தம் கூடினால் இழுவை கூடும் என்று பையன்கள் நம்புகிறார்கள். காபரேட்டரைத் திருத்தாமல் குழாயை மட்டும் வெறுமையாக்கினால் இழுவை குறையவும் கூடும் என்கிறார் வாப்பா.

எங்கள் முன்னறையில் படுப்பவர் மூத்தும்மா, இருதய நோயாளி. இரவில் அப்படியொரு பைக் போனால் திடுக்கிட்டு எழும்பி, விடியும்வரை தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருப்பார். நானாதான் எழும்பித் தண்ணீர் கொடுப்பார். கொடுத்துவிட்டு, காலையில் மறுபடியும் அடுத்த கராஜின் கணக்கைச் சொல்வார்.