பாங்காக்கில் ஒரு சித்திரக்காரரின் கைவண்ணம்

பாங்காக் போகிறவர்கள் அரண்மனையையும் மரகத புத்தரையும் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைக் கடைவீதியில் கழித்துவிடுவார்கள். நானும் என் கணவரும் போனபோது ஒரு நாளை ஒரு சித்திரக்காரருக்காக ஒதுக்கி வைத்தோம். அவர் பெயர் சக்கரபன் போசயகிரித்.

1943-ல் பாங்காக்கில் பிறந்தவர். அங்குள்ள சில்பகார்ன் கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மன்னர் குடும்பத்தினரை வரையும் அளவுக்கு உருவப்படத்தில் பேர் வாங்கினார். 2000-ல் அரசாங்கம் 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்தது.

அவருடைய பெண் உருவங்களின் அழகே தனி. வெளிச்சமும் நிழலும் மேல்நாட்டு எண்ணெய் வர்ணப் படம் போல நிஜமாக இருக்கும். ஆனால் கழுத்தின் சாய்வும் விரல் நுனியின் வளைவும் தாய்லாந்து நாட்டியத்தில் பார்ப்பவை. நகைநட்டைவிட முகத்தின் அமைதிதான் மனசில் நிற்கும்.

என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய இன்னொரு வேலை. சனாம் லுவாங் மைதானத்துக்குப் பக்கத்தில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சுமார் ஒரு அடி உயரப் பழைய பொம்மைகள். நம் ராமாயணப் பாத்திரங்களும் உண்டு! அம்மாடி, எத்தனை பொடிப்பொடியான ஜரிகை வேலை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தவை. காலத்தால் நைந்து போயிருந்த அவற்றைச் செப்பனிட்டவர் இவர்தான்.

"படம் போடுகிறவருக்கு இது எதற்கு?" என்றார் என் கணவர்.

எனக்குப் புரிந்தது. கிழிந்ததைத் தைப்பதும் உடைந்ததை ஒட்டுவதும் நம் வீடுகளில் யார் கணக்கிலும் வராத வேலை. அதையே பேர்பெற்ற ஒரு கலைஞர் தலைமேல் ஏற்றுச் செய்திருக்கிறார். செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கைத்திறன் பெட்டிக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். அதோடு நிற்காமல் புதுப் பொம்மைகளும் செய்து, 1989-ல் 'சாம் கோக்' என்ற சீனப் போர்க் கதையை மேடையேற்றினார். மூங்கிலில் தலை, இரண்டு குச்சிகளில் கைகள். பின்னால் ஒருவர் ஆட்ட, அது உயிரோடு நடமாடும்.

அங்கிருந்து வாட் திரி தோசதேப் கோயிலுக்குப் போனோம். சீடர்களோடு சேர்ந்து அவர் எழுதிய சுவர்ச் சித்திரங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றிலும் அதே மெல்லிய முகங்கள். உருவப்படம் எழுதிப் பழகிய கையல்லவா!

உங்கள் வீட்டில் பெண்ணோ பிள்ளையோ நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் கிறுக்கினால், "இது சோறு போடுமா?" என்று பிடுங்கிவிடாதீர்கள். கூடவே ஊசி நூல் பிடிக்கவும் கற்றுக் கொடுங்கள்.

போகிற சகோதரிகளுக்கு: அருங்காட்சியகத்துக்குத் திங்கள், செவ்வாய் விடுமுறை. கோயிலுக்குத் தோள் மூடிய உடையில் போங்கள். செருப்பை வெளியே விடவேண்டும்.