எந்தக் கண் பார்க்கிறது?

ஜூன் 3

தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை ஒன்றரை வயதுக் குழந்தை குனிந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிறது. 'இவனுக்கென்ன, கழுகுக் கண்ணு' என்கிறார் பாட்டி. வீட்டில் எல்லோரும் நம்பும் கண் பரிசோதனை இதுதான். ஆனால் இந்தச் சாட்சியம் பாதிதான். பொரியைக் கண்டது எந்தக் கண் என்று அது சொல்வதில்லை. இரண்டில் ஒன்று தெளிவாக இருந்தாலே போதும். குழந்தை ஓடும், படியேறும், வாசலில் நிற்கும் அப்பாவை அடையாளம் கண்டு கை நீட்டும். பெரியவருக்கு ஒரு கண் மங்கினால் 'முன்னே மாதிரி தெரியலை' என்பார். குழந்தைக்கு அந்த 'முன்னே' கிடையாது. பிறந்தது முதல் ஒரு கண் மங்கலாகவே இருந்தால் உலகம் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளும், முறையிடாது. ஆகவே 'குழந்தைக்குக் கண் தெரிகிறதா?' என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. வலக்கண் தெரிகிறதா, இடக்கண் தெரிகிறதா என்று தனித்தனியே கேட்க வேண்டும். அதையும் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைவரை தள்ளிப்போடாமல், நடக்கப் பழகும் வயதிலேயே கேட்க வேண்டும்.

ஜூன் 5

ஏன் அவ்வளவு சீக்கிரம் என்பதற்கு விடை மூளையில் இருக்கிறது. டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இமையோடு மூடித் தைத்துவைத்து, சில வாரம் கழித்துத் திறந்துபார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையுமில்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அப்படி நேரவில்லை. 1981-ல் இந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு யாரும் கண்ணைத் தைப்பதில்லை என்றாலும், ஒரு கண்ணில் மட்டும் கூடுதல் பவர், மாறுகண், பிறவிப் புரை ஆகிய மூன்றும் அதே வேலையைச் செய்கின்றன. மங்கலாகவோ இரட்டையாகவோ வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. சோம்பல் கண் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பிறவிப் புரையின் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை என்றால், பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுவை செய்வதே நல்லது. தீட்டு, பெயர் சூட்டு, குலதெய்வக் கோயில் என்று வீடு மும்முரமாக இருக்கும் வாரங்கள் அவை.

ஜூன் 9

அறிகுறிகளைக் கவனிக்க வேண்டிய இடத்தில் வீட்டுக்குள் வேறொரு தடை இருக்கிறது. பல அறிகுறிகள் நல்ல பெயரோடு வருகின்றன. மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்கள். பெரிய கண் அழகு என்கிறார்கள். வெயிலில் ஒரு கண்ணைச் சுருக்கினால் கண்ணடிக்கிறான் என்று சிரிக்கிறார்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தால் குறும்பு என்கிறார்கள். பிறந்த சில மாதங்கள் கண் அவ்வப்போது விலகுவது இயல்புதான். நான்கைந்து மாதத்துக்குப் பிறகும் விலகினால் அது இயல்பில்லை. மூக்குத்தண்டு அகலமாக உள்ள குழந்தைக்கு மாறுகண் போலத் தோற்றம் மட்டும் இருக்கலாம். முகத்துக்கு நேரே சற்றுத் தள்ளி ஒரு சின்ன டார்ச்சைப் பிடித்தால், அந்த ஒளிப்புள்ளி இரண்டு கண்மணியிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்தால் அதை வெறும் தோற்றம் என்று விட்டுவிடக் கூடாது. பெரிய கண் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். கருவிழி பெரிதாக, நீர் வடிந்துகொண்டு, வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்ளும் குழந்தைக்குப் பிறவிக் கண் அழுத்த நோய் இருக்கக்கூடும். மேலை நாடுகளில் 10,000 பிறப்புகளில் ஒன்று அல்லது அதற்கும் குறைவாகக் காணப்படும் இந்நோய், ஆந்திரத்தில் நடந்த ஆய்வில் 3,300-க்கு ஒன்று என்று தெரியவந்தது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். மாமன் மகளை மணக்கும் ஊர்களில் 'என்ன பெரிய கண்ணு' என்று கொஞ்சுவதோடு நின்றுவிடக் கூடாது. வெறுமனே நீர் வடிவது பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான், ஒரு வயதுக்குள் தானே திறந்துகொள்ளும். வெளிச்சத்துக்கு அஞ்சுவதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும் முக்கியமான குறி.

வெள்ளைக் கண்மணி தெரிந்தால் மட்டும் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அது கேமரா கோணத்தால் இருக்கலாம், புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அந்தப் புற்று 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். முன்னதாகக் கண்டால் உயிரையும், பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம். மேற்சொன்ன எதுவும் இல்லாமல் பவர் வித்தியாசம் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் கண்ணை மறைத்துப் பார்ப்பது. குழந்தை மடியில் இருக்கட்டும். ஒருவர் எதிரே ஒரு வண்ணப் பொம்மையை அசைக்கட்டும். கிலுகிலுப்பை வேண்டாம், குழந்தை சத்தத்தைத் தொடர்ந்துவிடும். பின்னாலிருந்து கட்டைவிரலால், இமையில் படாமல், ஒரு கண்ணை மறைத்துப் பிறகு மற்றதை மறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் அழுதால் அது கோபம். இன்னொரு நாள் பார்க்கலாம். இடக்கண்ணை மறைத்தால் பேசாமல் பொம்மையைப் பார்க்கிறது, வலக்கண்ணை மறைக்கும்போதெல்லாம் கையைத் தட்டிவிடுகிறது என்றால், அது தன் ஒரே சாளரத்தைக் காத்துக்கொள்கிறது.

ஜூன் 10

ஒரு குறிப்பு. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கும் வீட்டு அவதானிப்பு எதுவும் போதாது. குறைமாதக் குழந்தைக்கு வரும் விழித்திரை நோயைக் கண்டறியப் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் உள்ளே பார்த்தாக வேண்டும்.

ஜூன் 14

மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்பது முதலாவது. மாறுகண் சில நேரம் நேரானது போல் தோன்றுவது உண்மை. ஆனால் நேராகத் தோன்றும் கண்ணின் பார்வை மீண்டதா என்பது தனிக் கேள்வி. 'இந்த வயதில் கண்ணாடியா? கண் அதற்குப் பழகிவிடும், பொம்பளைப் பிள்ளை வேறு' என்பது இரண்டாவது. இரண்டு மூன்று வயதில் உள்நோக்கித் திரும்பும் மாறுகண்ணில் ஒரு பெரும் பகுதி தூரப்பார்வைப் பவரால் வருவது. குழந்தை தெளிவுக்காகக் கண்ணை இறுக்குகிறது, அந்த இறுக்கத்தோடு கண்ணும் உள்ளே திரும்புகிறது. பிளஸ் பவர் கண்ணாடி அந்த இறுக்கத்தைத் தளர்த்திக் கண்ணை நேராக்குகிறது. பெண்ணின் முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களே முதலில் கேட்க வேண்டியது அந்தக் கண்ணாடியைத்தான்.

மூன்றாவது மறுப்பு மருத்துவ உலகிலிருந்தே வருகிறது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017-ல், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது கண் பரிசோதனை வேண்டும் என்றது. மூன்று வயதுக்கு முன் செய்வதற்குப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. சின்னக் குழந்தையிடம் சோதனை தவறாக எச்சரிக்கும், வீண் அலைச்சலும் அச்சமும் மிஞ்சும் என்ற அவர்களது கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வும் இருக்கிறது. எட்டாம் மாதம் முதல் 37-ஆம் மாதம் வரை பலமுறை சோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏழரை வயதில் சோம்பல் கண் 0.6 சதவீதம்; 37-ஆம் மாதத்தில் ஒருமுறை மட்டும் சோதிக்கப்பட்டவர்களில் 1.8 சதவீதம். ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர்தோறும் கருவியோடு போய்ச் சோதிக்க அது போதாமல் இருக்கலாம். ஏற்கெனவே ஊசி போட வரும் குழந்தையின் கண்ணில் ஒரு டார்ச் அடிக்க அது போதும்.

'ஏழு வயதுக்கு மேலும் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்கிறார்களே, பிறகென்ன அவசரம்?' என்றும் கேட்கலாம். பலன் உண்டுதான். நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் புரையோடு பல ஆண்டு இருந்த பிள்ளைகள்கூட அறுவைக்குப் பிறகு பயன்படும் பார்வை பெற்றார்கள். ஆகவே தாமதமாக வந்த பிள்ளையை 'இனி முடியாது' என்று திருப்பி அனுப்புவது அநியாயம். ஆனால் அவர்கள் பெற்றது முழுக் கூர்மையான பார்வை இல்லை. சீக்கிரம் தொடங்கினால் மருத்துவம் எளிதும்கூட. மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், நடுத்தர அளவுச் சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒட்டி மூடியதும், ஆறு மணி நேரம் மூடியதும் ஒரே பலனைத் தந்தன.

ஜூன் 17

இவ்வளவையும் தாயின் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்குவது தகாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிறவிப் புரையும் பார்வைக் குறையும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை அங்கன்வாடிக்கு வருவது எடை போடவும் சத்துமாவு வாங்கவும்தான். குழு வரும் நாளில் அது பாட்டி வீட்டில் இருக்கலாம். ஊசிக்கு மட்டும் எப்படியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆறாவது வார ஊசியின்போது ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் இருட்டு அறையில் ஆப்தால்மாஸ்கோப்பால் இரண்டு கண்மணியிலும் சிவப்பொளி தெரிகிறதா என்று பார்த்தால் புரையைப் பிடித்துவிடலாம். கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பது தெரியும். அவரிடம் கேட்பது நோயைக் கண்டறியச் சொல்லி அல்ல. ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும்போது டார்ச் அடித்துப் பார்ப்பதும், 'கண்ணை மறைத்தால் எந்தப் பக்கம் அழுகிறான்?' என்று தாயிடம் கேட்பதும், சந்தேகம் வந்தால் மேலே அனுப்புவதும் போதும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசிக்குப் பிறகு அடுத்தது ஐந்து வயதில்தான். சோம்பல் கண்ணுக்குச் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் ஆண்டுகள் இந்த இடைவெளியில் விழுகின்றன. வைட்டமின் ஏ சொட்டு மருந்து மட்டும் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. அதுவும் கண்ணுக்காகவே தொடங்கிய திட்டம்தான். சொட்டு மருந்தோடு டார்ச்சும் கொண்டுபோகத் தனி முகாம் எதுவும் தேவையில்லை.