வழக்குரைஞர் பக்தவத்சலம்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூர்ச் சாலை வானகரத்தைக் கடந்து, பூவிருந்தவல்லி வழியாக நசரத்பேட்டையை அடைகிறது. அந்நசரத்பேட்டையில் 1897ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் கனகசபாபதி முதலியாரின் மகனாகப் பிறந்தவர் பக்தவத்சலம். ஐந்தாம் வயதிலேயே தந்தையை இழந்த அச்சிறுவரை உறவினர்கள் வளர்த்து ஆளாக்கினர். அவர்களுள் ஒருவரான முத்துரங்க முதலியார் காங்கிரசுத் தலைவராகப் பின்னாளில் புகழ் பெற்றவர்.

சட்டம் பயின்ற பக்தவத்சலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞரானார். அக்காலத்தில் அத்தொழில் பொருளும் மதிப்பும் ஒருங்கே தருவது. ஆயினும், அவர் உள்ளம் நாட்டு விடுதலையையே நாடியது. 'இந்தியா' என்னும் செய்தித்தாளை 1933 வரை நடத்தினார். 1930இல் இராசாசி தலைமையில் வேதாரணியத்தில் உப்பு அறப்போர் நிகழ்ந்தபோது அதில் கலந்துகொண்டு காயமுற்றார். உப்புக் காய்ச்சுவது குற்றமென்று சட்டம் கூறியது. சட்டம் கற்றவரே அதனை மீறி நின்றார்!

அந்நாளில் காங்கிரசார் சனவரி 26ஐ விடுதலை நாளாகக் கொண்டாடி வந்தனர். 1932இல் அந்நாளில் ஊர்வலம் நடத்தியமைக்காக அவர் ஆறு திங்கள் சிறையிலிருந்தார். இத்தேதி அவர் வாழ்வில் மீண்டும் வரும்.

1937இல் திருவள்ளூர்த் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். உள்ளாட்சித் துறையில் அமைச்சருக்குத் துணையாக நாடாளுமன்றச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். இந்தியரைக் கேளாமலே இந்தியாவை ஆங்கிலேயர் போரில் ஈடுபடுத்தவே, 1939இல் காங்கிரசு அமைச்சரவை விலகியது. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மறுபடியும் சிறை, 1944இல்தான் விடுதலை. பின்னர் ஓமந்தூரார், காமராசர் ஆகியோரின் அமைச்சரவைகளில் பணியாற்றினார். 1952இல் தோற்றாலும் 1957இலும் 1962இலும் திருப்பெரும்புதூரில் வென்றார். அவ்வூரும் அதே பெங்களூர்ச் சாலையில்தான் உள்ளது. காமராசர் பதவி துறந்தபின், 1963 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சரானார்.

கோப்புகளை நுணுகிப் பார்ப்பதில் அவர் வல்லவர். தெருவில் எழுந்த குரலை அளந்தறியும் ஆற்றலோ அவ்வளவு வாய்க்கவில்லை. 1965 சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அந்நாளைத் துக்க நாளாகக் கொள்ள எதிர்ப்பாளர் முனைந்தனர். குடியரசு நாளுக்கு இழுக்கு நேரலாகாது என்று அரசு கருதியது. அண்ணாதுரை முதலிய தலைவர்கள் முன்னதாகவே சிறை வைக்கப்பட்டனர். மாணவர் கிளர்ச்சி அடங்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில் தடையை மீறியவர், இப்போது தடை விதிக்கும் இடத்தில் இருந்தார். தாம் சட்டத்தைக் காப்பதாகவே அவர் உறுதியாக நம்பினார் என்பதில் ஐயமில்லை. அன்று அவரைச் சிறையிட்டவர்களும் அவ்வாறே நம்பியிருக்கக்கூடும். மொழிக்காக எழுந்தவர்களை அவர் அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால், ஒழுங்கு குலைந்த செய்தியாகவே அதனை அவர் கண்டார்.

அரிசித் தட்டுப்பாடும் மக்களை வாட்டியது. 1967 தேர்தலில் திருப்பெரும்புதூரிலேயே தி.மு.க. வேட்பாளர் இராசரத்தினத்திடம் முதலமைச்சர் தோற்றார். அண்ணாதுரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1987இல் பக்தவத்சலம் மறைந்தார். அவருடைய நினைவிடம் கிண்டியில் உள்ளது. வானகரத்திற்கு வடகிழக்கே, கொரட்டூரில், அவர் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரி ஒன்றும் நடைபெற்று வருகிறது.