கைவினைப் பொருளின் குறை: எது ஐபு, எது இயல்பு?

கையால் செய்த பொருள் என்றால் விரும்பி வாங்குகிறோம். வாங்கி வீட்டில் விரித்தபின், அதில் கையின் தடம் தெரிகிறது என்று குறைப்படுகிறோம். ஒரு கோடு சற்றே வளைந்திருக்கும்; ஒரு நிறம் மற்றோர் ஓரத்தில் வெளிறியிருக்கும். உடனே விலையைக் குறைக்கச் சொல்லலாமா, திருப்பிக் கொடுக்கலாமா, இவ்வளவு பணம் கொடுத்து ஏமாந்துவிட்டோமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இதில் விற்பவரின் அமானிதமும் வாங்குபவரின் நீதியும் அடங்கியிருக்கின்றன. நம் சமூகத்துப் பெண்கள் பலரின் உழைப்பும் இதைச் சார்ந்தே இருக்கிறது.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருபவர்கள் பெரும்பாலும் நம் முஸ்லிம் குடும்பத்தினரே. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் ஒன்று அன்பளிப்பாகச் சென்றது என்று ஊரார் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள்.

அந்தப் பாய் உருவாகும் முறையை அறிந்தால், அதில் காணும் வேறுபாடுகளின் காரணமும் விளங்கிவிடும். ஆற்றங்கரையிலும் நீர் தேங்கும் தாழ்நிலங்களிலும் வளரும் கோரையைப் பசுமையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறியதை மீண்டும் காயவைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். நயமான பாய்க்கு ஒவ்வொரு கோரையையும் மேலும் மெல்லிய இழைகளாகப் பிளக்க வேண்டும். பாவாக நூலை இழுத்துக் கட்டி, அதன் ஊடாகக் கோரையை ஒவ்வோர் இழையாகக் கோத்து அச்சால் நெருக்குகிறார்கள். நயமான பாய் ஒன்று முடியச் சில வாரங்கள் ஆகும். ஒரு கரையில் வளர்ந்த கோரையும் மறுகரையில் வளர்ந்த கோரையும் ஒரே அளவாகச் சாயத்தைக் குடிப்பதில்லை. வெயிலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் நெருக்கிய கைக்கும் மாலையில் நெருக்கிய கைக்கும் வேறுபாடு உண்டு.

எங்கள் குடும்பத்தில் ஒரு நிகாஹுக்காக, மணமக்களின் பெயரும் திருமண நாளும் நெய்த பாய் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தோம். வாங்கச் சென்றபோது, நெய்த மூதாட்டி பாயை விரிப்பதற்கு முன்பே தாமாகச் சொன்னார்: "இந்தக் கரை ரெண்டாந்தடவை முக்குன சாயம். கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கும், பாத்துக்கோங்க. பிடிக்கலேன்னா வச்சிட்டுப் போங்க, வேற நெஞ்சு தாரேன்." விரித்துப் பார்த்தோம். சிவப்புக் கரை ஒருபுறம் சற்று வெளிறியிருந்தது. மணமகனின் பெயரில் ஓர் எழுத்தும் இலேசாகச் சாய்ந்திருந்தது.

உடன் வந்த மாமா, பாயை எடுத்துக்கொண்டு பேசிய தொகையில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம் என்றார். உம்மா பதில் ஏதும் சொல்லாமல் பாயின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார்கள். பின்பக்கத்தைத் திருப்பி முடிச்சுகளைப் பார்த்தார்கள். ஈரத்துணியால் கரையைத் துடைத்து, துணியில் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்தார்கள். "பாவு அறுந்திருக்கா? கோரை உளுத்திருக்கா? சாயம் போகுதா? ஒண்ணுமில்லையே! பிறகு எதுக்குக் காசைப் பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பேசிய தொகையை முழுமையாக எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

உம்மா ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கேட்டவை சட்ட அறிஞர்கள் கேட்கும் கேள்விகளே. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்குபவருக்குத் தரும் 'ஐபு' எது என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் வரையறை தருகின்றன. அக்குறை பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, நியாயமான ஒரு நோக்கத்தைக் கெடுப்பதாக இருக்க வேண்டும். அத்துடன், அந்த இனப் பொருள்களில் பெரும்பாலும் காணப்படாத ஒன்றாகவும் இருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில், வணிகர்களின் வழக்கத்தில் விலையைக் குறைப்பது எதுவோ அதுவே ஐபு.

ஷாஃபிஈ வரையறையின் பின்பகுதி நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கையால் நெய்த எல்லாப் பாயிலும் இழைக்கு இழை சிறு வேறுபாடு இருக்குமானால், அதை அந்த இனத்தின் இயல்பு என்றே சொல்ல வேண்டும். பாவு அறுந்திருப்பது, பூச்சி அரித்த கோரை, தொழும்போது வெள்ளை உடையில் ஒட்டும் சாயம் ஆகியவை அப்படியல்ல. அவை மெய்யான ஐபுகள்.

மெய்யான ஐபு இருந்தாலும், வாங்குபவர் விரும்பியதையெல்லாம் செய்துவிட முடியாது. ஹனஃபிச் சட்டப்படி, அவர் பேசிய முழு விலைக்கு அதை ஏற்கலாம். அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்பவரின் சம்மதமின்றிப் பொருளையும் வைத்துக்கொண்டு விலையிலும் பிடித்தம் செய்ய அவருக்கு உரிமையில்லை. நம் கடைத்தெருக்களில் நாம் அன்றாடம் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பொருள் பிடித்திருக்கும். அதை விட்டுவரவும் மனமிருக்காது. ஆயினும் ஒரு சிறு பிசகைத் தேடிப் பிடித்து, அதைக் காட்டியே ஏழை நெசவாளியின் கூலியைக் குறைக்கிறோம். அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்பவர்களை அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் கண்டிக்கிறது. அந்த எச்சரிக்கை தராசு பிடிப்பவருக்கு மட்டும்தான் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

விற்பவரின் பக்கமும் இதே அளவுக்கு முக்கியமானது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிமில் பதிவான இச்செய்தியில், தானியம் நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. நனைந்ததை மறைத்ததே குற்றமானது. கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியை அதன் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டாராம். அதை அறிந்த இமாம் அவர்கள் கிடைத்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் கூறப்படுகிறது.

ஆகவே 'கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும்' என்ற சொல்லை விற்பவர் கேடயமாக்கிக்கொள்ளக் கூடாது. இயந்திரத்தில் நெய்ததைக் கைநெசவு என்று சொல்வதும், பழைய கோரையை உட்பக்கம் வைத்து நெய்வதும் மோசடியே. இப்போது பலர் கைப்பேசியில் படம் காட்டி விற்கிறார்கள். குவியலுக்குள் இருக்கும் ஈரம் படத்தில் தெரியாது. எனவே வெளிறிய ஓரத்தையும் ஒரு படமாக எடுத்து அனுப்பிவிடுவதே பரக்கத்தான வணிகம். அந்த மூதாட்டி பாயை விரிக்கும் முன்பே வாய்ச்சொல்லால் செய்ததும் இதைத்தான்.

குறையற்ற படைப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்பதால், முஸ்லிம் கம்பள நெசவாளர்கள் வேண்டுமென்றே ஒரு பிழையை நெய்வார்கள் என்றொரு கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருந்தாலும், நமக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. பிழையை வலிந்து சேர்க்க வேண்டும் என்றால், சேர்க்காவிட்டால் நம் வேலை குறையற்றதாகிவிடும் என்றல்லவா பொருள்? மனிதன் தன்னால் இயன்றவரை செம்மையாகச் செய்தாலே போதும். பிசகு தானாக வந்து சேரும்.

அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். உணவுக்குப் பின் தொழுகை நடத்த நபியவர்கள் எழுந்தபோது, அவ்வீட்டில் இருந்தது நெடுநாள் பயன்பாட்டால் கறுத்துப்போன ஒரு பாய்தான். அனஸ் (ரலி) அவர்கள் அதில் தண்ணீர் தெளித்தார்கள். அண்ணலார் அதன்மேல் நின்று தொழுதார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம், புதுப்பாயின் வெளிறிய கரையைப் பற்றிய நம் கவலை மிகச் சிறிதாகிவிடுகிறது.

நபியவர்கள் எந்த உணவையும் குறைகூறியதில்லை என்பதும் நாம் அறிந்ததே. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். கைவினைப் பொருள்களிடத்தும் நாம் இப்பழக்கத்தைக் கொள்ளலாம். பிடித்திருந்தால் முழு விலை கொடுத்து வாங்குவோம். பிடிக்கவில்லையெனில், செய்தவரின் மனம் நோகாமல் விட்டு வருவோம். இன்று இளம்பெண்கள் பலர் பாய்த் தறியை விட்டு வேறு வேலை தேடிச் செல்கிறார்கள். வாரக்கணக்கில் குனிந்து நெய்த பாய்க்கு, சாய்ந்த ஓர் எழுத்தின் பெயரால் கூலி குறைந்தால் அவர்கள் எப்படித் தங்குவார்கள்?

அடுத்தமுறை ஒரு பாயையோ, பானையையோ, பின்னிய தொப்பியையோ கையில் எடுக்கும்போது, இது பயனைக் கெடுக்கிறதா, இதை மறைத்து விற்றார்களா என்ற இரண்டை மட்டும் கேட்டுப் பார்ப்போம். இரண்டுக்கும் இல்லை என்பதே விடையானால், பேசிய தொகையை முகமலர்ச்சியுடன் கொடுத்துவிட்டு வருவோம். நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.