ஆம்பூர் துண்டுத்தோலில் ஒரு நன்றி

ஷூவின் மேல்பாகத்துக்கு, அதாவது ‘அப்பர்’ எனப்படுவதற்குத் தோல் வெட்டுகிறவர் முதலில் பார்ப்பது தோலின் குறைகளைத்தான். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, மாடு உயிரோடு இருந்தபோது போட்ட சூடு, இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிச்சமுள்ள இடத்தில் ‘டை’ என்ற வெட்டும் அச்சை வைத்து அழுத்துவார். ஒதுக்கியது முழுக்கத் துண்டாக விழும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரத் தோல் ஊர்களில் இந்தத் துண்டுகளை மூட்டை மூட்டையாக எடைக்கு வாங்கிப் போக ஆள் உண்டு. பெரிய துண்டு பர்சாகும், கொஞ்சம் சிறியது சாவிக்கொத்தாகும். அதற்கும் தேறாதது ஆம்பூரில் நான் போன ஒரு வீட்டில் நன்றி அட்டையாகிக்கொண்டிருந்தது.

முன்னறையில் இரண்டு வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒரு மூலையில் ஏற்றுமதி ஷூக்களின் அப்பர்கள் குவிந்திருக்கின்றன. அந்த வீட்டு அக்கா ஊசியும் மெழுகு நூலுமாக அவற்றை இழுத்து இழுத்துத் தைக்கிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி; அதுவும் சில ரூபாய்தான். ஆர்டர் குறைகிற மாதங்களில் அவரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் மறுமூலையிலிருக்கும் அட்டைகளுக்கு மாறிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டபோது, “பத்திரிகைல பேர் போட்றாதீங்க சார், ஷூ வேலை குடுக்கறவங்க நிறுத்திட்டா நாங்க எங்க போறது?” என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் அக்காதான்.

அவர் பயம் ஆதாரமில்லாதது அல்ல. வீட்டிலிருந்து தைக்கிற பெண்களுக்கு நியமன உத்தரவு கிடையாது, பி.எஃப். கிடையாது, எந்தக் கம்பெனியின் ஷூவைத் தைக்கிறோம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. நடுவில் ஒரு ஏஜென்ட் இருப்பார், அவ்வளவுதான். ஆம்பூர் வட்டாரத்து வீட்டுத் தொழிலாளர்களின் இந்த நிலைமையைப் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் சேர்ந்து 2016-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் ஆலைத் தொழிலாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

அட்டை வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஷூத் தொழிலின் பாதிப் பாடம் அதிலேயே கிடைத்துவிடும். அக்கா ஒரு பழுப்புத் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் மடக்கிப் பார்க்கிறார். பழைய கண்ணாடிப் பலகையின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு, தட்டையான உளியால் ஓரத்தைச் சாய்வாகச் சீவுகிறார். ஷூவில் மடிப்பு தடிக்காமல் இருக்கச் செய்கிற ‘ஸ்கைவிங்’ இதுவேதான். ஓரம் மெலிந்தால்தான் தோல் காகிதத்தோடு ஒட்டிப் படியும். இல்லையென்றால் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். ஷூவுக்குப் பூசுகிற ரப்பர் சொல்யூஷன் இங்கே உதவாது. அது காகிதத்தில் ஊறி மஞ்சள் கறையாகிவிடும். அதனால் பெவிகாலை மெல்லிசாகத் தடவி, மேலே காகிதத்தை மூடி, பாரம் ஏற்றி இரவு முழுக்க வைக்கிறார்கள். அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வளைந்துவிடும்.

எழுத்து வேண்டுமானால் தோலை மாற்ற வேண்டும். இன்றைக்கு அப்பருக்கு வருவது பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்ட தோல். மிருதுவானது, நனைந்தாலும் தாங்கும். ஆனால் அச்சை அழுத்தி எடுத்த கொஞ்ச நேரத்தில் பள்ளம் மேலே வந்துவிடும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வேறு ஜாதி. ஈரத்துணியால் ஒற்றி, பித்தளை எழுத்தை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ‘நன்றி’ அப்படியே நிற்கும். ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனது இந்த வகைத் தோல்தான். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. “குரோம் துண்டு எவ்ளோ வேணா கெடைக்கும் சார். பட்டைத் துண்டுக்குத்தான் சொல்லி வச்சி வாங்கணும்” என்கிறார் அக்கா.

காகிதம் புதுச்சேரி பாணிக் கைக்காகிதம். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-இல் தொடங்கியதிலிருந்தே புதுச்சேரி இதற்குப் பேர்போன ஊர். மரத்தை அரைப்பதில்லை, வெட்டிக் கழித்த பருத்தித் துணியைக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, நாலு பக்கமும் அசைத்து நீரை வடிப்பார்கள். அப்படி அசைக்கும்போது இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்கின்றன. மில் காகிதத்தில் இழைகள் ஒரே பக்கம் ஓடுவதால் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். இதில் எப்படி மடித்தாலும் அந்தத் தொல்லை குறைவு. திருப்பூர் பனியன் கழிவு போன்ற துணிதான் இந்தத் தொழிலுக்கு மூலப்பொருள். கழித்துக் கட்டிய துணியும் கழித்துக் கட்டிய தோலும் ஆம்பூரில் ஒரே அட்டையில் சேர்கின்றன.

வாங்குகிறவர்களில் ஒரு பகுதி வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் கடைப் பலகையில் பாதி வங்காள எழுத்தாக இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது டாக்டருக்கும் நர்ஸுக்கும் எதையாவது கொடுக்க நினைப்பார்கள். அவர்களுக்காக வங்காளத்திலும் ‘நன்றி’ சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கு வங்காளம் தெரியாது. ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை டிரேசிங் பேப்பரில் நகலெடுத்து, கோலம் போடுகிற மாதிரி வளைவு வளைவாகப் பழகியிருக்கிறார்.

நோய்க்கும் கைவேலைக்கும் இந்த ஊரில் இன்னொரு பழைய உறவும் உண்டு. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே வந்தது. அதற்காகவே 1951 வாக்கில் ‘நியூ லைஃப் சென்டர்’ எழுந்தது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். உணர்ச்சியற்ற கைகளும் கால்களும் புண்ணாவது எப்படி, அதை எப்படித் தடுப்பது என்ற ஆராய்ச்சி 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில் தொடர்ந்தது.

அதே மரபில் வந்ததுதான் காட்பாடியின் வொர்த் டிரஸ்ட். 1960-களில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொடங்கிய பட்டறை அது. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் அந்த நிறுவனத்தில் ‘பெர்கின்ஸ் பிரெய்லர்’ என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரம் தயாராகிப் பல நாடுகளுக்குப் போகிறது. பிரெயிலின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசை. தடித்த காகிதத்தைச் செருகி அழுத்தினால் எழுத்து புடைத்துக்கொண்டு வரும். ஆம்பூர் அட்டைக்கு வாங்குகிற கனமான தாளும் இந்த இயந்திரத்துக்கு ஏற்றதே. பார்வையற்ற ஆசிரியருக்கு நன்றி சொல்ல நினைக்கும் மாணவருக்கு வேண்டிய எல்லாம் ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் இருக்கிறது. யோசனையைச் சொன்னதும் அக்கா கேட்டது ஒன்றுதான்: “அந்த மிஷின் என்ன வெல சார்?”

வாழ்த்தையும் நன்றியையும் அட்டையில் சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்துமஸ் அட்டை ஒரு வியாபாரமானது லண்டனில், 1843-இல். ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை ஒரு ஷில்லிங்குக்கு விற்றது. அச்சுக்குப் பிறகு வண்ணம் தீட்டியது கைதான். நன்றி அட்டை என்று பார்த்தால் அதைவிட முக்கியமானது யூனிசெஃப் கதை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாகியாவில் உதவி பெற்ற ஊரொன்றில், யித்கா சம்கோவா என்ற 7 வயதுச் சிறுமி நன்றியாக ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடியில் வரைந்தாள். 1949-இல் அதுவே யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று.

துண்டுத்தோலில் அட்டை செய்வதால் பாலாறு சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோல் கழிவால் இந்த ஆற்றுப்படுகைக்கு நேர்ந்த சேதத்தை வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. குரோம் துண்டைக் கண்ட இடத்தில் எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். ஊரில் விழுகிற துண்டின் அளவுக்கு முன்னால் இந்த வீட்டின் மூட்டை எந்தக் கணக்கிலும் வராது.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஷூவில் தையல் ஒரு நூல் பிசகினாலும் ‘ரிஜெக்ட்’. யாருடைய கை பட்டது என்று தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் இலக்கணம். அட்டையில் நேர்மாறு. ஓரம் கொஞ்சம் கோணலாக, தழும்பு கொஞ்சம் தெரிகிறாற்போல இருந்தால்தான் “ஹேண்ட்மேட்” என்று சென்னைக் கடைக்காரர்கள் விரும்பி எடுக்கிறார்கள். கம்பெனி ஒதுக்கிய உண்ணிக்கடிப் புள்ளியைப் பூவின் நடுவில் வைத்து அக்கா செய்த அட்டைகள்தான் முதலில் தீர்ந்தன. இரண்டு மூலையிலும் உட்காருவது ஒரே ஆள்தான்.

அதனால்தான் இப்போது ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் செய்தவரின் பெயரைச் சின்னதாக அச்சுக்குத்த வேண்டும் என்பது பெண்களின் ஆசை. மொத்தமாக எடுக்கும் கடை, தன் ஸ்டிக்கர் மட்டும் போதும் என்கிறது. நான் அங்கே இருந்தபோதே போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையிலிருந்த உளியைக் கீழே வைக்காமலே பேசினார்: “பேர் வேணாம்னா பரவால்ல சார். கார்டுக்கு அஞ்சு ரூபா சேத்துக் குடுத்துடுங்க.” மறுமுனையில் இருந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். “திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க சார், அப்பறம் ஷூ ஆர்டர் வந்துடும்” என்று அக்கா போனை வைத்தார்.